பழைய ஜீப்பின் கிளட்ச்: பெட்டியை இறக்குவது ஒரு முறையாக இருக்கட்டும்



புளியறையிலும் பக்கத்து ஊர்களிலும் ஒரு பழைய ஜீப்பை நம்பி வாழும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. தோட்டத்துக்கு ஆள் ஏற்றுவதும், உரமும் தேங்காயும் இறக்குவதும், குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் வெளியூர் மக்களைச் சுற்றிக் காட்டுவதும் இந்த வண்டிகள்தான். வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றால் வீட்டில் ஒரு வார வருமானம் நின்றுவிடும். ஆகவே "இந்த சீசன் ஓடட்டும், பிறகு பார்க்கலாம்" என்று பழுதைத் தள்ளிப் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படித் தள்ளிப் போடப்படுவதில் முதலில் நிற்பது கிளட்ச்.

வாகனம் வைத்திருக்கும் குடும்பங்களும், பட்டறையில் தொழில் பழகும் நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்வதற்காக இந்தப் பாடம். இதில் நினைவில் நிறுத்த வேண்டியது ஒன்றுதான். கிளட்ச் மாற்றும் வேலையில் பிளேட்டின் விலையைவிட கியர் பெட்டியை இறக்கி ஏற்றும் உழைப்பே பெரிது. எனவே பெட்டியை இறக்கிய அன்றே தேய்ந்தது எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட வேண்டும். தேய்ந்ததற்கான காரணத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே வேலைக்கு இரண்டாம் முறை கூலி கொடுக்க நேரும்.

நம் பகுதியில் ஓடும் வண்டிகள்

நாம் ஜீப் என்று சொல்பவை பெரும்பாலும் மஹிந்திரா வண்டிகள். அந்த நிறுவனம் 1945-இல் தொடங்கியபோது அதன் பெயர் 'மஹிந்திரா அண்டு முஹம்மது'. மஹிந்திரா சகோதரர்களோடு பங்குதாரராக இருந்த குலாம் முஹம்மது, நாடு பிரிந்தபின் பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1948-இல் நிறுவனம் இன்றைய பெயருக்கு மாறியது. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்து இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது 1947-இல். பின்னர் வந்த எம்.எம். 540, கமாண்டர், மேஜர் போன்றவை அந்த வழியில் வளர்ந்தவையே.

இந்த வரலாற்றில் தொழிலுக்கு வேண்டிய பாடம் ஒன்று உண்டு. இத்தனை ஆண்டுகளில் எஞ்சினும் கியர் பெட்டியும் பலமுறை மாறியிருக்கின்றன. போதாததற்கு, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் வைத்த வண்டிகளும் ஏராளம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மாடல் பெயரை மட்டும் கடையில் சொல்லி கிளட்ச் பிளேட் வாங்கினால் பொருந்தாமல் போகலாம். பழைய பிளேட்டைக் கையில் எடுத்துச் சென்று, அதன் விட்டத்தையும் நடுத்துளையில் உள்ள பற்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு வாங்குவதே சரியான வழி.

கிளட்ச் என்ன செய்கிறது?

எஞ்சின் சுழலும்போது அதன் பின்புறம் உள்ள ஃபிளைவீல் என்ற கனமான சக்கரமும் சுழலும். அதன் முகத்தில் பிரஷர் பிளேட் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே இரு பக்கமும் லைனிங் ஒட்டிய கிளட்ச் பிளேட் இருக்கிறது. ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மூன்றும் ஒன்றாக இறுகிச் சுற்றும்போது எஞ்சினின் சக்தி கியர் பெட்டிக்குப் போகிறது. நாம் பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன்னால் நகர்ந்து பிரஷர் பிளேட்டை விலக்குகிறது. பிடி விட்டு, பிளேட் தனியாகிறது.

அதாவது, கிளட்ச் வெறும் உராய்வின் பலத்தில் பிடித்து நிற்கும் பாகம். லைனிங் தேய்ந்தாலும், அதில் எண்ணெய் பட்டாலும், ஸ்பிரிங் சோர்ந்தாலும் பிடி தளரும். எஞ்சின் வேகமாகச் சுற்றும், வண்டி அந்த அளவுக்கு நகராது. வீணாகும் சக்தி வெப்பமாக மாறி லைனிங்கைக் கருக்கும். பழுது தொடங்கியபின் தேய்மானம் படுவேகமாக நடப்பதற்கு இதுவே காரணம்.

மலைச்சாலையில் இது ஏன் ஆபத்து?

புளியறையைத் தாண்டி எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவுக்குப் போகும் பாதையை நாம் எல்லோரும் அறிவோம். கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையான அதில் சரக்கு லாரிகள் முன்னும் பின்னும் வந்துகொண்டே இருக்கும். ஆள் நிறைந்த ஜீப் ஏற்றத்தில் நின்று மறுபடி நகர வேண்டிய இடத்தில் கிளட்ச் வழுக்கினால், வண்டி முன்னே போகாது. பின்னால் லாரி நிற்கும்.

இறக்கத்தில் இதைவிடக் கவனம் வேண்டும். மலையிறங்கும்போது இரண்டாவது கியரில் வைத்து எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தப் பிடி சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது கிளட்ச் வழியாகத்தான். லைனிங் மிகவும் தேய்ந்தோ எண்ணெயில் ஊறியோ போயிருந்தால் அந்தப் பிடியும் தளரும். முழுப் பாரமும் பிரேக் மேல் விழுந்து பிரேக் சூடேறும். கிளட்ச் சரியாக விலகாத வண்டியில் வேறொரு ஆபத்து இருக்கிறது. இறக்கத்தில் கீழ் கியருக்கு மாற்ற முயலும்போது கியர் விழாமல் நியூட்ரலில் நின்றுவிட்டால், எஞ்சினின் பிடி சுத்தமாக இருக்காது. ஆகவே கிளட்ச் பழுதை ஏற்றத்தில் மட்டும் தொல்லை தரும் ஒன்றாக எண்ணிவிட வேண்டாம்.

பழுதை எப்படி அறிவது?

வழுக்கல்: மேல் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சத்தம் ஏறி, வண்டியின் வேகம் ஏறாமல் இருப்பது. ஏற்றத்தில் கருகிய வாடை வருவது.

விலகாமை: பெடலை முழுவதும் மிதித்தும் முதல் கியரோ ரிவர்ஸோ கரகரத்து விழுவது.

உதறல்: வண்டி கிளம்பும்போது குலுங்கிக் குலுங்கி நகர்வது. லைனிங்கில் எண்ணெய் படுவதாலும், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் கிழிவதாலும் இது வரும்.

சத்தம்: பெடலில் கால் வைத்ததும் கிறீச்சென்ற சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

சமதரையில், எதிரே யாரும் நிற்காத இடத்தில், ஒரு சோதனை செய்யலாம். ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, கால் பிரேக்கையும் மிதித்து, மேல் கியரில் போட்டு, சற்று ஆக்ஸிலேட்டர் கொடுத்துக்கொண்டே கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் அடங்கி அணைந்தால் பிடி இருக்கிறது. அணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு முறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் லைனிங்கும் கருகிவிடும்.

இறக்குமுன் வெளியே பாருங்கள்

கிளட்ச் வழுக்குகிறது என்றதும் பெட்டியை இறக்கச் சொல்லிவிடக் கூடாது. முதலில் பெடலின் ஆட்டத்தைப் பாருங்கள். பெடலைக் கையால் அழுத்தினால் கனம் தட்டுவதற்கு முன் சிறிது தூரம் லேசாக இறங்க வேண்டும். பழைய ஜீப்களில் அது ஏறத்தாழ ஓர் அங்குலம். உங்கள் வண்டியின் கையேட்டில் சொல்லியுள்ள அளவே இறுதி. அந்த ஆட்டம் இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் எப்போதும் பிரஷர் பிளேட்டை அழுத்திக்கொண்டிருக்கும். நல்ல கிளட்சும் வழுக்கும். நட்டைத் திருப்பி ஆட்டத்தைச் சரிசெய்ததும் வழுக்கல் நின்றுவிட்டால், ஒரு நாள் கூலி மிச்சம்.

ஆட்டம் அதிகமாக இருந்தால் கிளட்ச் விலகாது. கேபிளோ ராடோ உள்ள வண்டியில் அது சிக்குகிறதா, நார் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியில் எண்ணெய் அளவையும், மாஸ்டர் சிலிண்டரிலும் கீழ் சிலிண்டரிலும் கசிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் கோளாறு நீடித்தால்தான் பெட்டியில் கை வைக்க வேண்டும்.

வேலை நடக்கும் வரிசை

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் கியர் பெட்டியின் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இன்னொரு பெட்டி சேர்ந்திருக்கும். அதிலிருந்து முன் அச்சுக்கு ஒன்றும் பின் அச்சுக்கு ஒன்றுமாக இரண்டு ஷாஃப்ட் போகும். சாதாரணக் காரைவிட இதில் வேலையும் கனமும் கூடுவது இதனால்தான்.

1. வண்டியைச் சமதளமான, உறுதியான தரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். உயர்த்துவது ஜாக்கியாக இருக்கலாம்; தாங்கி நிற்பது ஸ்டாண்டாகவே இருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. அடுக்கிய செங்கல்லும் ஆகாது.

2. பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். கியர் லீவர், டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர்கள், தரைத் தகடு, வேகமானி கேபிள், கிளட்ச் இணைப்பு ஆகியவற்றைக் கழற்றுங்கள்.

3. இரண்டு ஷாஃப்டையும் கழற்றுமுன், இணையும் இடத்தில் இரு பக்கமும் அடையாளக் கோடு போடுங்கள். அதே நிலையில் திரும்பப் பூட்டினால்தான் ஓடும்போது அதிர்வு வராது.

4. எஞ்சினின் பின்பகுதிக்குக் கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, பெட்டிக்கு அடியில் தட்டையான தலை உள்ள ஜாக்கியை வைத்து, பெல் ஹவுசிங் போல்ட்களைக் கழற்றுங்கள். இரண்டு பெட்டிகளும் சேர்ந்த எடையை ஒருவர் மார்பில் தாங்கி இறக்குவது வீரம் அல்ல. குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

5. பெட்டியை நேராகப் பின்னுக்கு இழுங்கள். பெட்டியின் பாரம் கிளட்ச் பிளேட்டின் நடுத்துளையில் தொங்கினால் பிளேட் வளைந்துவிடும். ஏற்றும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும். புதிய பிளேட் முதல் நாளே உதறுவதற்கு இது ஒரு காரணம்.

6. பிரஷர் பிளேட் போல்ட்களை ஒரே மூச்சில் கழற்றாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பூட்டும்போதும் அப்படியே இறுக்குங்கள்.

தூசியை ஊதாதீர்கள்

பெட்டி இறங்கியதும் உள்ளே கறுப்புத் தூசி நிறைந்திருக்கும். பட்டறைப் பிள்ளைகள் உடனே கம்ப்ரசர் குழாயை எடுத்து ஊதுவார்கள். இதை நிறுத்த வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துக்கூட நோயாக வெளிவரலாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், முகக்கவசம் அணியுங்கள். வேலைத் துணியோடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்காதீர்கள். வேலைக்குப் போகும் மகனின் துணியை உதறாமல் நனைத்து, தனியாகத் துவைக்க வேண்டும் என்பதை உம்மாமார்களும் அறிந்திருப்பது நல்லது.

பெட்டி கீழே இருக்கும்போது பார்க்க வேண்டியவை

பாடத்தின் உயிரான பகுதி இதுதான்.

கிளட்ச் பிளேட்: ரிவெட் தலைக்கும் லைனிங் மேல்பரப்புக்கும் உள்ள ஆழத்தைப் பாருங்கள். அது ஏறத்தாழ 0.3 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிட்டால் பிளேட்டின் ஆயுள் முடிந்தது. பழைய பிளேட்டுக்குப் புது லைனிங் அடிப்பது நம் பக்கம் வழக்கம்தான். ஆனால் நடுவிலுள்ள ஸ்பிரிங்குகள் ஆடினாலோ, பற்கள் தேய்ந்திருந்தாலோ, லைனிங் அடித்தும் பயன் இல்லை.

பிரஷர் பிளேட்: முகத்தில் நீலம் பாய்ந்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா, ஸ்பிரிங் விரல்கள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஃபிளைவீல்: ரிவெட் உரசிய வரிகளோ வெப்பக் கறைகளோ இருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்த வேண்டும். கோடு விழுந்த முகத்தில் புதுப் பிளேட் போட்டால் உதறும், விரைவில் தேயும்.

ரிலீஸ் பேரிங்: சுற்றிப் பார்த்துச் சொரசொரப்பு இருந்தால் மாற்றுங்கள். டீசலில் கழுவாதீர்கள், உள்ளே அடைத்திருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். இதன் விலை, மொத்தச் செலவில் சிறு பங்கு. ஆனால் பழையதையே போட்டு ஆறு மாதத்தில் அது போனால், பெட்டியை மறுபடி இறக்க வேண்டும்.

பைலட் புஷ்: எஞ்சினின் கடைசியில், கியர் பெட்டி ஷாஃப்டின் நுனி உட்காரும் சிறு புஷ் இது. இது தேய்ந்தாலோ பிடித்துக்கொண்டாலோ, கிளட்ச் புதிதாக இருந்தும் கியர் கரகரக்கும்.

ஆயில் சீல்: எஞ்சினின் பின் சீலும் கியர் பெட்டியின் முன் சீலும் கசிகின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். பழைய லைனிங் எண்ணெயில் நனைந்திருந்தால், வழுக்கலுக்கு மூலகாரணம் அந்தக் கசிவே. சீலை விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றினால், புதுப் பிளேட்டும் அதே கதிக்கு ஆளாகும்.

பூட்டும்போது பிளேட்டின் பக்கம் மாறாமல் பாருங்கள்; பெரும்பாலும் அதிலேயே குறி இருக்கும். பிளேட்டை நடுப்படுத்த அதற்கான கருவியையோ, அதே வகைப் பழைய கியர் ஷாஃப்ட் ஒன்றையோ பயன்படுத்துங்கள். பற்களுக்கு மிகக் கொஞ்சம் கிரீஸ் போதும். கூடினால் அது தெறித்து லைனிங்கில் படியும். எண்ணெய்க் கையால் லைனிங்கைத் தொடாதீர்கள். கடைசியாகப் பெடல் ஆட்டத்தை அளந்து வையுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பெரும்பாரம் ஏற்றாமல் ஓட்டுங்கள்.

உரிமையாளரும் மெக்கானிக்கும்

உதாரணத்துக்கு ஒன்றை வைத்துக்கொள்வோம். உரிமையாளர் "பிளேட் மட்டும் போடுங்க மேஸ்திரி, மற்றதை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். மெக்கானிக் கசிவைப் பார்த்தும், வாடிக்கையாளர் மனம் நோகுமே என்று சும்மா இருந்துவிடுகிறார். மூன்றே மாதத்தில் வண்டி மீண்டும் வழுக்குகிறது. ஒருவர் இரட்டைச் செலவு செய்கிறார், மற்றவர் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார். இருவருக்கும் நட்டம்.

இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. பெட்டி இறங்கியதும் மெக்கானிக் உரிமையாளரை அழைத்து, தேய்ந்ததை எல்லாம் கண்ணால் காட்ட வேண்டும். எதை மாற்றுவது, என்ன செலவு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பாகங்களைப் பில்லோடு வாங்க வேண்டும். பிறர் வண்டி நம் கையில் இருக்கும்வரை அது அமானிதம். அந்த வண்டியில் ஏறி மலை கடப்பவர்களின் உயிரும் அந்த அமானிதத்தில் சேர்ந்ததே.

இனி தேயாமல் இருக்க

ஓட்டும்போது கிளட்ச் பெடல் மேல் காலை ஓய்வாக வைக்காதீர்கள். எஸ் வளைவில் நெரிசலில் நிற்கும்போது பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்தாதீர்கள். ஹேண்ட் பிரேக் அதற்காகவே இருக்கிறது. இரண்டாம் கியரில் கிளப்பாதீர்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றாதீர்கள்.

தோட்டத்து மண்பாதையில் செங்குத்தான ஏற்றத்தில் கிளம்ப வேண்டியிருந்தால், நான்கு சக்கர இயக்கத்தையும் லோ கியரையும் போடுங்கள். லோ கியர் சக்கரத்துக்குப் போகும் இழுவையை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டுவதால், கிளட்சைத் தேய்க்காமல் வண்டி நகரும். ஆனால் காய்ந்த தார்ச்சாலைக்கு வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வளைவுகளில் முன்பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கி, டிரான்ஸ்ஃபர் கேஸைக் கெடுக்கும்.

சாரல் தொடங்குமுன், வருமானம் குறைவாக உள்ள ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள். கிளட்ச் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும், எந்தெந்தப் பாகம் புதிது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். நாளை வண்டியை ஓட்டப்போகும் மகனுக்கும், ஒருவேளை விலைக்கு வாங்கப்போகும் அடுத்தவருக்கும் அந்த நோட்டு உதவும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.